சண்டீலா பேகம்: ஒரு தேர்தலும் ஒரு விவாதமும்

இந்திய அரசியல் நிர்ணய சபையில் பெண் உறுப்பினர்கள் பதினைவர் இடம்பெற்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்களுள் முஸ்லிம் பெண்மணி ஒருவரே. அவர்தாம் பேகம் குத்ஸியா ஐஸாஸ் ரசூல். நம் சமுதாய வரலாற்று நூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. காணப்படும் இடத்திலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

பேகம் 1909ஆம் ஆண்டு பஞ்சாபின் மாலேர்கோட்லா அரச குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சர் சுல்ஃபிகார் அலீ கான், அல்லாமா இக்பாலின் நண்பர். அவருடைய கவிதையைப் பற்றி 1922இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். 1929இல் ஐக்கிய மாகாணத்தின் ஹர்தோய் மாவட்டத்தைச் சேர்ந்த சண்டீலா தாலுக்தார் நவாப் ஐஸாஸ் ரசூலை மணந்தார் பேகம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வந்தபின் கணவரும் மனைவியும் முஸ்லிம் லீகில் இணைந்தனர்.

1937இல் மாகாண மேலவைக்கு நடந்த தேர்தலில் பேகம் நின்றார். பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் அன்று சில உண்டு. எனினும் அவர் தேர்ந்தது பொதுவாக ஆண்களே போட்டியிடும் தொகுதியை. பர்தாவை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு வாக்களிப்பது கூடாது என்று உலமாக்கள் சிலர் ஃபத்வா வழங்கினர். ஆயினும் வாக்காளர்கள் பெரும் வித்தியாசத்தில் அவரை வெற்றி பெறச் செய்தனர். மேலவைக்கான வாக்குரிமை அக்காலத்தில் சொத்துடைய மிகச் சிலருக்கே இருந்தது என்பதையும், அவருடைய குடும்பச் செல்வாக்கையும் நாம் மறந்துவிடலாகாது. எனினும் ஃபத்வாவை மீறி வாக்களித்தோர் முஸ்லிம்களே என்பது எண்ணத்தக்கது. அதே ஆண்டு மேலவையின் துணைத் தலைவராகி 1940 வரை அப்பொறுப்பை வகித்தார். பின்னர் 1950 முதல் 1952 வரை மேலவையின் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார். நிலவுடைமைக் குடும்பத்தவராயிருந்தும் ஜமீன்தாரி ஒழிப்பை அவர் ஆதரித்தார்.

அவருடைய வாழ்வில் நம் தமிழக முஸ்லிம்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய கட்டம் 1949 மே மாதம் நடந்த விவாதம். சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டியதில்லை என்ற பரிந்துரையைச் சர்தார் படேல் சபைமுன் வைத்தார். சென்னை மாகாணத்தின் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப், தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சமுதாயத்தின் உண்மையான குரல் அவையில் ஒலிக்க வேண்டுமானால், அக்குரலைச் சமுதாயமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். பேகமோ எதிர்த்திசையில் நின்றார். ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும், அது தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் ஆயுதம் என்றார். திருத்தம் தோற்றது.

இருவரில் ஒருவரைச் சமுதாயப் பற்றில்லாதவர் என்று கூறுவது நீதியாகாது. காயிதே மில்லத் அஞ்சியது குரலிழப்பை. பேகம் அஞ்சியது தனிமைப்படுதலை. பிரிவினையின் குருதி உலராத ஐக்கிய மாகாணத்தில் வாழ்ந்தவருக்கும், அக்கலவரங்கள் அவ்வளவாக எட்டாத தென்னகத்தில் வாழ்ந்தவருக்கும் அச்சங்கள் வேறுபட்டதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றை நாம் குறிப்பிடாமலிருக்க இயலாது. 1937இல் பேகத்தை அவைக்கு அனுப்பியது, பின்னர் அவர் வேண்டாமென்ற அதே தனித்தொகுதி முறைதான்.

பின்னர் காங்கிரசில் சேர்ந்த அவர் 1952இல் மாநிலங்களவைக்குச் சென்றார். 1969 முதல் 1971 வரை உத்தரப் பிரதேச அமைச்சராகச் சமூக நலத் துறையைக் கவனித்தார். 2000இல் பத்ம பூஷண் பெற்று, 2001இல் மறைந்தார். பர்தாவிலிருந்து நாடாளுமன்றத்திற்கு வந்த பயணத்தைத் தம் ஆங்கிலத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கை உறுதி செய்தன. 2023ஆம் ஆண்டின் 106ஆம் திருத்தம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அதையே வகுத்துள்ளது. அதில் முஸ்லிம் பெண்களுக்கென உள்ஒதுக்கீடு இல்லை. எனவே 1949இன் வினா இன்னும் முடிந்துவிடவில்லை. பெரும்பான்மையின் நல்லெண்ணத்தில் பேகம் வைத்த நம்பிக்கை எந்த அளவுக்கு நிறைவேறியது என்று நாட்டைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. கூடவே, ஃபத்வாவையும் மீறி ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்த அன்றைய வாக்காளர்களின் துணிவு நம்மிடம் உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமையும் நமக்குண்டு.