அளவைக் கல்வி வளர்ந்த வரலாறு

நாகபுரி ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையைக் காணாதவர் நம் காலனியில் ஒருவரும் இரார். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். நாட்டிலுள்ள ரயில் நிலையங்களில் எல்லாம் இவ்வழக்கம் உண்டு. கடலோ இவ்வூரினின்று நெடுந்தொலைவில் உள்ளது. அவ்வெண்ணை யார் கண்டனர், எவ்வாறு கண்டனர் என்று நம் காலனிப் பெண் ஒருத்தி நம்மிடம் வினவினாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவள். சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் புவித்தகவல் இயல் என்னும் பொறியியற் பட்டப் படிப்பில் சேர அவாவுகிறாள். அவளுடைய தந்தையார் நம்மோடு பணிபுரியும் அன்பர். அவர் கூறுவதோ வேறு: “வயலில் சங்கிலி இழுப்பதற்கு ஒரு பட்டமா? அதற்கு ஒரு பெண்ணை ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் அனுப்புவதா?”

இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒரே வரலாற்றில் கிடக்கிறது. மெட்ரிக்குலேஷனோடு கல்வியை முடித்துக்கொண்ட நாம் இதனை எழுதத் துணிவதற்கு அதுவே காரணம்.

அவ்வன்பர் தொலைதூரம் என அஞ்சும் கல்லூரி, நில அளவையைக் கற்பிப்பதற்கென்றே பிறந்தது என்பதைப் பலர் அறியார். மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஆம் ஆண்டில், சேலம், திண்டுக்கல், மலையாளக் கரை முதலிய பகுதிகள் கம்பெனியார் கைக்கு வந்தன. நாடு வந்ததேயன்றி அதன் வரைபடம் வரவில்லை. ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே, எல்லை எங்கே எனத் தெரியாமல் வரி தண்டுவது எங்ஙனம்? அந்நாளில் சென்னையில் வானநூல் வல்லுநராக இருந்தவர் மைக்கேல் டாப்பிங். நுங்கம்பாக்கத்தில் 1792 இல் எழுந்த வானியல் நோக்குக்கூடம் அவர் அமைத்ததே. அவருடைய பெயர் பொறித்த கருங்கல் தூண் அவ்வளாகத்தில் உண்டு. கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களை நீர்ப்பாசனத்தின் பொருட்டு அளந்தவரும் அவரே. அவருடைய தூண்டுதலால் 1794 மே மாதத்தில், கோட்டைக்கு அருகில், எட்டு மாணவரோடு ஓர் அளவைப் பள்ளி தொடங்கிற்று.

அவ்வெட்டு மாணவரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். படைவீரர்க்குப் பிறந்து, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த சிறுவர்கள். இங்கிலாந்திலிருந்து அதிகாரிகளை வரவழைத்தால் ஊதியம் மிகுதி. இச்சிறுவர்க்கோ சிறு தொகை போதும். கம்பெனியாரின் கணக்கு அதுதான். அறம் கருதிச் செய்ததாக நாம் எண்ணிவிடலாகாது. ஆயினும் அச்சிறுவர்கள் கற்ற கல்வி பழுதற்றதாக இருந்தது. காலின் மெக்கன்சி மைசூர்ச் சீமையை அளந்தபோது அவருக்குத் துணை நின்றவர்கள் அப்பள்ளி மாணவர்களே. ஜோஷுவா டி பென்னிங் என்னும் மாணவர் வில்லியம் லாம்டன் என்பாரிடம் சேர்ந்து, அவருடைய வலக்கையாகவே விளங்கினார்.

லாம்டன் தொடங்கிய பணியே பெரும் முக்கோண அளவை. 1802 ஏப்ரலில், பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில், ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியின் நீளம் 100 அடி. அதனை ஏறத்தாழ 400 முறை எடுத்து வைக்க வேண்டும். இதில் என்ன கல்வி என்று நம் அன்பர் கேட்கக்கூடும். கேட்கட்டும், இங்கேதான் சங்கிலி இழுப்பதற்கும் அளவைப் பொறியியலுக்கும் உள்ள வேறுபாடு தொடங்குகிறது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால், 12 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1.4 மீட்டர் பிழை நேர்ந்துவிடும். ஆதலின் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, நிழல் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் திருத்தம் எழுதினார்கள்.

அடிக்கோடு ஒன்று உறுதியாகிவிட்டால் ஒவ்வொரு பக்கத்திற்கும் நிலத்தில் சங்கிலி வைக்க வேண்டுவதில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணம் எடுத்தால், ஏனைய இரு பக்கங்களின் நீளத்தைக் கணக்கிட்டு அறியலாம். அப்பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம். இவ்வாறே நாடு முழுவதும் முக்கோண வலை விரிந்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்று பள்ளியில் படித்தோம். பூமி உருண்டையாதலின் பெரிய முக்கோணங்களில் அதுவும் பொய்க்கும்: 200 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு விகலை வீதம் மிகும். அம்மிகையைக் கழித்த பின்னும் எஞ்சுவது, அளந்தவரின் பிழை. அப்பிழையை எந்தக் கோணத்தில் எவ்வளவு திருத்துவது என்பதற்குத் தனியே ஒரு கணிதம் இருக்கிறது. இப்பட்டப் படிப்பு மாணவர்கள் மிகவும் அஞ்சும் பாடம் அதுவே என்று கேள்வி.

லாம்டனின் கோணமானி, அதாவது தியோடலைட், ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் சென்று, பிறகு மரியாதையுடன் திருப்பி அனுப்பப்பட்டது. தஞ்சைத் தரணியில் குன்றுகள் இல்லை; கோயில் விமானமே குன்று. 1808 இல் பெரிய கோயிலின்மேல் கருவியை ஏற்றுங்கால் கயிறு நழுவ, அது சுவரில் மோதி உருக்குலைந்தது. வேறொருவராயின் சீமைக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்தில் புகுந்து, ஆறு வாரம் முயன்று, தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார். அக்கருவியைச் சுமந்து மலை ஏறியவர்களின் பெயர்களும், காட்டில் கொடி பிடித்து நின்று காய்ச்சலில் மாண்டவர்களின் பெயர்களும் ஏட்டில் இல்லை. அவர்களுள் நம் முன்னோர் பலர் இருந்திருப்பர்.

லாம்டனும் பணியிலேயே மாண்டார். ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கி வரும் வழியில், 1823 ஜனவரி 20 ஆம் நாள், ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஊர் செல்லும் நாம் ஒவ்வொரு முறையும் ஹிங்கன்காட்டைக் கடக்கிறோம். நம் ஊர் ஜீரோ மைல் தூணும் அவர் தொடங்கிய அளவைத் துறையார் 1907 இல் நாட்டியதே. அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். எதற்கு நட்டார்கள் என்று கேட்போர் சிலரே.

இத்துறையில் கல்வியின் பயனை நாட்டவர்க்குக் காட்டியவர் வங்காளத்து ராதாநாத் சிக்தர். கல்கத்தா இந்து கல்லூரியில் உயர்கணிதம் கற்றவர். 1831 இல், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையைப் பற்றிய நோக்குகளைத் திரட்டி, அதுவே உலகில் உயர்ந்தது என 1852 இல் கணக்கிட்டு உரைத்தார். பின்னர் வெளியான அளவு 29,002 அடி. அம்மலையோ எவரெஸ்ட் துரையின் பெயர் பெற்றது. சிக்தர் அதற்கு முன்னரே ஒரு செயல் செய்திருந்தார். 1843 இல் டேராடூனில், அளவைத் துறை ஆட்களை மாஜிஸ்திரேட் ஒருவர் தம் சுமை தூக்கக் கட்டாயப்படுத்தியபோது எதிர்த்து நின்று, 200 ரூபாய் தண்டம் இறுத்தார். 1851 இல் வெளியான அளவை நூலின் முன்னுரையில் அவருக்கு நன்றி கூறியிருந்தார்கள். அவர் 1870 இல் இறந்தார். 1875 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. ஆனால் நெஞ்சு சுடுகிறது.

சிக்தர் காலத்தில் இதற்கெனப் பட்டம் இல்லை. கங்கைக் கால்வாயின் பொருட்டு 1847 இல் ரூர்க்கியில் கல்லூரி தோன்றிற்று. (பயணிகள் வண்டி 1853 இல் ஓடுமுன்பே, 1851 இல் அக்கால்வாய்க்கு மண் சுமக்க ரூர்க்கியில் நீராவி எஞ்சின் ஓடிற்று என்பதை ரயில்வே அன்பர்கள் அறிந்துகொள்க.) சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் அமைந்தது. டாப்பிங்கின் பள்ளி 1859 இல் சிவில் எஞ்சினீயரிங் கல்லூரி எனப் பெயர் பெற்று, 1920 இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. 1978 இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. நெடுங்காலம் நில அளவை, சிவில் பட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. இன்று அது தனிப் பட்டம். சங்கிலி போய், விண்வெளிச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் படங்களும், இருப்பிடம் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் கோணமானியோடு வெயிலில் நிற்கும் முகாம் பயிற்சி ஒழியவில்லை.

இனி, பெண்ணுக்கு இது ஆகுமா என்பது. 1940களின் தொடக்கத்திலேயே கிண்டியில் மூன்று பெண்கள் பொறியியல் பயின்றனர். முதலில் சேர்ந்தவர் லலிதா. பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவர் கற்றது மின் பொறியியல். திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் சிவில் பிரிவினர். ஆதலின் நில அளவையும் அவர்கள் கற்ற பாடமே. சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை மையால் அடித்துப் பெண்பாலாக மாற்றிக் கொடுத்தனராம். திரேசியா 1971 இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பெயர்ப் பலகையின் எண்ணுக்கும் விடை கூறிவிடுவோம். துறைமுகங்களில் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பல்லாண்டு குறித்து, சராசரிக் கடல் மட்டம் கண்டனர். அங்கிருந்து மட்டக் கருவியும் அளவுகோலும் கொண்டு, அடியடியாக உயரத்தை உள்நாட்டிற்குக் கொண்டுவந்தனர். 1858 இல் தொடங்கிய அப்பணி 1909 இல் ஒரு வலையாக முடிந்தது. அடிப்படையாக நின்றவை ஒன்பது துறைமுகங்கள். நாகப்பட்டினமும் சென்னையும் அவற்றுள் அடங்கும்.

இதனை நாம் சொல்லக் கேட்ட அப்பெண், ஒரு முனையில் பிழை நேர்ந்தால் நாகபுரி வரை அது வந்து சேருமே, எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றாள். நமக்கு விடை தெரியவில்லை. அவள் தந்தையார் அருகில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. விண்ணப்பத் தாள் அவருடைய மேசையில் கிடக்கிறது. இம்மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை அவர் கையொப்பம் இடவில்லை.