தமிழியல் ஆய்வில் இணைய நூலகத் தரவுத்தளங்கள்

இணைய நூலகத் தரவுத்தளம் என்பது நூல்கள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், கல்வெட்டுகள், சுவடிகள் முதலியவற்றைப் பற்றிய தகவல்களையோ அவற்றின் முழு வடிவங்களையோ தேடத்தக்க வகையில் தொகுத்து இணையம் வழி வழங்கும் அமைப்பு ஆகும். மொழி, இலக்கியம், பண்பாடு ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோருக்கு இவை இன்று அடிப்படைக் கருவிகளாக உள்ளன. தரவுத்தளம் பொருளைத் தேடுவதில்லை. உள்ளிடப்பட்ட எழுத்துகளையே தேடுகிறது. ஒரே ஊரும் ஒரே ஆளும் பல பெயர்களாலும் பல எழுத்துக்கூட்டல்களாலும் பதிவாகியுள்ள தமிழியலில் இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரு பெயரை மட்டும் தேடி, கிடைக்கவில்லை என்பதால் அப்படி ஒன்று இல்லை என முடிவு செய்வது இத்துறையில் பரவலாகக் காணப்படும் பிழையாகும். காஞ்சிபுரம் நகரின் ஒரு பகுதியான சின்ன காஞ்சிபுரம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

வகைகள்

இணையத் தரவுத்தளங்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* நூற்பட்டியல் தரவுத்தளங்கள்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, இருக்குமிடம் ஆகியவற்றை மட்டும் தருபவை. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் இவ்வகையைச் சேர்ந்தது. மொழி, இலக்கியத் துறைகளுக்கென எம்.எல்.ஏ. பன்னாட்டு நூற்றொகை உள்ளது.
* முழுப்பாடத் தரவுத்தளங்கள்: கட்டுரை அல்லது நூல் முழுவதையும் தருபவை. 1995இல் தொடங்கப்பட்ட ஜேஸ்டோர் ஆய்விதழ்களின் பழைய இதழ்களை முதல் இதழிலிருந்து தொகுத்து வழங்குகிறது.
* படிமத் தரவுத்தளங்கள்: பக்கங்களை ஒளிப்படமாக மட்டும் தருபவை. இவற்றில் பெரும்பாலும் நூலின் உள்ளே தேட இயலாது. பட்டியல் விவரங்களை மட்டுமே தேடலாம்.
* அகராதித் தரவுத்தளங்கள்: சொற்பொருளும் சொல் வரலாறும் தருபவை.

தமிழுக்கான முதன்மைத் தளங்கள்

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, கட்டணமின்றி வெளியிடுகின்றனர். தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால் இவற்றினுள் சொற்களைத் தேட முடியும்.

தமிழ்நாடு அரசால் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் இலக்கியங்களையும் உரைகளையும் அகராதிகளையும் வழங்குகிறது. அதன் மின்னூலகம் 2017இல் விரிவான வடிவில் திறக்கப்பட்டது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் முதன்மையானது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக்கப்பட்டது. 19, 20ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கு இதன் பட்டியல் இன்றியமையாதது. இதன் உருவாக்கத்தில் பங்கேற்ற சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தென்னாசிய மின்னூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வின்சுலோ அகராதி, பெப்ரிசியசு அகராதி, திராவிட வேர்ச்சொல் அகராதி ஆகியவற்றில் தேடலாம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் சேர்க்கப்படுகின்றன. இந்திய மின்னூலகம் என்ற தளம் நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், அதில் இருந்த பழைய நூல்கள் பல இணைய ஆவணகத்தில் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டு: சின்ன காஞ்சிபுரம்

ஊரின் பெயர்

வரதராஜப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்துள்ள சின்ன காஞ்சிபுரம் பற்றிய ஆவணங்கள் குறைந்தது ஐந்து பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன.

* சின்ன காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம், சின்ன காஞ்சி: இக்காலத் தமிழ் வழக்குகள். ஒற்று மிகுந்தும் மிகாமலும், இடைவெளி விட்டும் விடாமலும் எழுதப்படுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேட வேண்டும்.
* விஷ்ணு காஞ்சி: சமய நூல்களிலும் பயண நூல்களிலும் காணப்படுவது. பெரிய காஞ்சிபுரம் சிவ காஞ்சி எனப்படும்.
* அத்தியூர், திருவத்தியூர்: ஆழ்வார் பாசுரங்களிலும் கல்வெட்டுகளிலும் வழங்குவது.
* அத்திகிரி, ஹஸ்திகிரி: வைணவ நூல்களில் கோயில் அமைந்துள்ள குன்றைக் குறிப்பது.
* லிட்டில் கஞ்சீவரம்: ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களில் உள்ளது. இதன் ஆங்கில எழுத்துக்கூட்டலும் நூலுக்கு நூல் மாறுபடுகிறது.

கோயிலின் பெயரும் இவ்வாறே மாறுகிறது. 'எபிகிராபியா இண்டிகா' கல்வெட்டுக் கட்டுரைகளில் இது அருளாளப் பெருமாள் கோயில் ஆகும். இந்து சமய அறநிலையத் துறையின் பதிவில் தேவராஜசுவாமி கோயில் ஆகும். கே. வி. இராமன் 1975இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பில் வரதராஜசுவாமி கோயில் ஆகும். வரதராஜர் என்ற சொல்லை மட்டும் தேடும் மாணவருக்கு இடைக்காலக் கல்வெட்டுகள் பற்றிய கட்டுரைகள் பல கிடைக்காமல் போகும்.

ஆட்பெயர்

காஞ்சிபுரத்தில் பிறந்த முன்னாள் முதலமைச்சர் அண்ணாதுரையின் பெயர் சி. என். அண்ணாதுரை எனவும் கா. ந. அண்ணாதுரை எனவும் பதிவாகியுள்ளது. 'சி' என்பது கஞ்சீவரத்தின் ஆங்கில முதலெழுத்து. 'கா' என்பது காஞ்சிபுரத்தின் தமிழ் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஊரைக் குறித்தாலும் பட்டியலில் இரு ஆசிரியர்கள் போலத் தோன்றக்கூடும். காஞ்சியில் வாழ்ந்த வைணவ அறிஞர் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியரின் பெயர் அண்ணங்கராச்சாரியார், அண்ணங்கராசார்யர் என்றும் எழுதப்படுகிறது. இத்தகைய இடங்களில் 'அண்ணங்கரா' என்ற பொதுப் பகுதியைத் தேடுவது பயன் தரும்.

நெசவு

பட்டு நெசவு பற்றித் தேடுவோர் குலப்பெயர்களின் மாற்றத்தை அறிந்திருத்தல் வேண்டும். கல்வெட்டுகளில் கைக்கோளர் எனப்படுவோர் பிற்கால ஆவணங்களில் செங்குந்தர், செங்குந்த முதலியார் எனப்படுகின்றனர். சாலியர், பத்மசாலியர் ஆகிய பெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். உடலும் கரையும் வேறு நிறங்களில் அமையுமாறு இணைத்து நெய்யும் முறைக்குக் 'கோர்வை' என்று பெயர். இச்சொல் பொதுவழக்கிலும் உள்ளதால் 'நெசவு' அல்லது 'பட்டு' என்பதையும் உடன் இடாவிட்டால் தொடர்பற்ற முடிவுகள் மிகும். விஜயா ராமசுவாமி 1985இல் வெளியிட்ட இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய ஆங்கில நூலும், ஆர்த்தி கவ்ல்ரா 2018இல் வெளியிட்ட காஞ்சிபுரப் பட்டு நெசவாளர் பற்றிய ஆங்கில நூலும் தொடக்கத்திற்கு ஏற்றவை. ஒரு நல்ல நூலின் துணைநூற்பட்டியல் பல தேடல்களுக்கு ஈடாகும்.

தேடும் முறை

1. தேடலுக்கு முன்னரே பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்தல். தமிழ்ப் பெயர், வடமொழிப் பெயர், ஆங்கிலேயர் காலப் பெயர், நூலக ஒலிபெயர்ப்பு ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும்.
2. ஒரே பொருளுடைய பெயர்களை 'அல்லது' எனப் பொருள்படும் ஆர் என்ற ஆங்கில இணைப்புச் சொல்லாலும், வெவ்வேறு கருத்துகளை 'மற்றும்' எனப் பொருள்படும் ஆண்ட் என்ற சொல்லாலும் இணைத்தல்.
3. சொல்லை வேற்றுமை ஏற்கும் இடத்திற்கு முன்னரே நிறுத்துதல். காஞ்சிபுரம் என்பது காஞ்சிபுரத்தில், காஞ்சிபுரத்து எனத் திரியும். எனவே இறுதி மகர மெய்யை நீக்கிக் 'காஞ்சிபுர' என இட்டு, தளம் ஏற்குமாயின் உடுக்குறியைச் சேர்க்க வேண்டும்.
4. காலவரம்பு இடுதல். அத்தி வரதர் 1979க்குப் பின் 2019இல் 48 நாட்கள் காட்சியளித்த நிகழ்வை ஒட்டி ஏராளமான செய்திகள் வெளியாயின. 2019க்கு முற்பட்டவை என வரையறுத்தால் பழைய ஆய்வுகள் வெளிப்படும்.
5. தேடிய சொற்கள், தளம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். இல்லையெனில் எதைத் தேடவில்லை என்பது பின்னர்த் தெரியாது.

குறியாக்கச் சிக்கல்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் மின்னூல்கள் தகுதரம் (திஸ்கி), தாப், தாம் போன்ற குறியாக்கங்களில் இருந்தன. இவற்றில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் தேட முடியாது. ஒருங்குறியிலும் சிக்கல் உண்டு. 'ஶ' என்ற எழுத்து 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. எனவே திருவைக் குறிக்கும் வடமொழிக் கூட்டெழுத்து 'ஸ்ரீ', 'ஶ்ரீ' என இரு வகையாக உள்ளிடப்படுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். வைணவ நூல்களின் தலைப்புகளில் பெரும் பகுதி இக்கூட்டெழுத்தில் தொடங்குவதால், தலைப்பின் இரண்டாம் சொல்லிலிருந்து தேடுவது பாதுகாப்பானது.

எழுத்துணரி மூலம் உருவாக்கப்பட்ட பாடங்களில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறிவிடுவது உண்டு. 1978இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களும் பிழையாக உணரப்படுவதுண்டு.

சரிபார்த்தல்

தேடலில் கிடைத்த வரியை அப்படியே மேற்கோளாக ஆளாமல், பக்கப் படிமத்துடன் ஒப்பிட வேண்டும். பழைய நூல்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். இப்பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்வதால் விளம்பி என்பது 1898–99 ஆகவும் 1958–59 ஆகவும் இருக்கலாம். பட்டியலில் தரப்பட்ட ஆண்டை அச்சகம், விலை, முன்னுரை ஆகியவற்றைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும்.

அணுக்கமும் வரம்புகளும்

ஆய்விதழ்த் தரவுத்தளங்கள் பலவற்றுக்குச் சந்தா தேவை. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் மூலம் அரசு சார்ந்த உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் பன்னாட்டு ஆய்விதழ்களைப் படிக்கலாம். நிறுவனம் சாராதோர் ஜேஸ்டோரில் தனிநபர் கணக்குத் தொடங்கிக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்க முடியும்.

அச்சேறாத கல்வெட்டுகளும், வீடுகளிலும் மடங்களிலும் உள்ள சுவடிகளும், கோயில் கணக்குகளும், நெசவாளரின் வாய்மொழி அறிவும் எத்தரவுத்தளத்திலும் முழுமையாக இல்லை. தேடலில் எதுவும் கிடைக்காதபோது, அப்பொருள் இல்லை எனக் கொள்ளாமல், வேறு பெயரில் உள்ளதா, இன்னும் மின்னுருவாக்கப்படவில்லையா எனக் கேட்பதே ஆய்வு நெறியாகும். இதற்கு நூலகரையும் கள ஆய்வையும் நாடுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மதுரைத் திட்டம்
* நூலகம் திட்டம்
* ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்
* காஞ்சிபுரம் பட்டு
* ஒருங்குறி