கோச்ரப்பில் எழுதிய விரதங்கள்

அகமதாபாத்தை அடுத்த கோச்ரப் கிராமத்தில் பாரிஸ்டர் ஜீவன்லால் தேசாய் வாடகைக்குக் கொடுத்த பங்களாவில் 1915 மே 25 அன்று சத்தியாகிரக ஆசிரமம் தொடங்கியது. முதலில் அங்கே இருந்தவர்கள் சுமார் 25 பேர். அவர்களில் 13 பேர் தமிழர்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியுடன் வந்த ஐந்து தமிழ்ச் சிறுவர்களும் அதில் அடக்கம். எந்த மதிப்புகளுக்காக இந்த வாழ்க்கை, அவற்றை அன்றாடம் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதை அவர்கள் எழுத்தில் வைத்தார்கள். அதுவே ஆசிரமத்தின் விதிமுறை வரைவு.

விரதம் காந்திக்குப் புதிதல்ல. 1888இல் லண்டனுக்குப் புறப்படும் முன் மது, மாமிசம், பெண் தொடர்பு மூன்றையும் தவிர்ப்பதாகத் தாயிடம் வாக்குக் கொடுத்தார். 1906இல் பிரம்மச்சரிய விரதம் ஏற்றார். அவை ஒரு மனிதர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுகள். கோச்ரப்பிலோ எல்லாரும் படித்துப் பார்த்துக் குறை சொல்லக்கூடிய வகையில் விரதங்கள் எழுத்தாயின. சத்தியம், அகிம்சை, பிரம்மச்சரியம், திருடாமை, உடைமை சேர்க்காமை ஆகிய ஐந்தும் பதஞ்சலியின் யோக நூலிலும் சமண மரபிலும் பன்னெடுங்காலமாக உள்ளவை. நாக்கின் ருசியை அடக்குதல், சுதேசி, அஞ்சாமை, தீண்டாமை மறுப்பு போன்றவை இவற்றோடு சேர்ந்தன. துறவிக்குரியதைத் துணி நெய்யும், கிணற்றில் நீர் இறைக்கும் குடும்பத்தாருக்கும் உரியதாக்கியதுதான் இந்த வரைவின் புதுமை.

வரைவு பலருக்கும் அனுப்பப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டது. 1916 பிப்ரவரி 16 அன்று சென்னை ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் காந்தி மாணவர்களுக்கு இந்த விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். வந்த கருத்துகளில் குறிப்பிடத்தக்கது கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் குருதாஸ் பானர்ஜியுடையது. இளைய தலைமுறையிடம் பணிவு குறைந்துவிட்டது, அதையும் ஒரு விரதமாகச் சேர்க்க வேண்டும் என்றார் அவர். குறை உண்மைதான் என்று காந்தி ஒப்புக்கொண்டார். ஆனால் விரதமாக்கிய கணமே பணிவு பணிவாக இராது என்று அஞ்சிச் சேர்க்காமல் விட்டார்.

இதே கேள்வி 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின் முன்னும் வந்ததுண்டு. தமக்கென்று 12 நற்பண்புகளை அவர் எழுதி வைத்திருந்தார். அவரிடம் கர்வம் இருக்கிறது என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். சிறு குறிப்பேட்டில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு பண்பு என்று ஆண்டுக்கு நான்கு சுற்று. உண்மையான பணிவு தமக்குக் கைகூடவில்லை, அதன் தோற்றம் மட்டுமே வந்தது என்று முதுமையில் அவரே எழுதினார். காந்தியின் அச்சம் சரியானது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

கோச்ரப் வரைவுக்குச் சோதனை சில மாதங்களிலேயே வந்தது. தகுதியுள்ள தீண்டப்படாதார் எவரேனும் சேர விரும்பினால் முதல் வாய்ப்பிலேயே சேர்ப்போம் என்று நண்பர்களிடம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். சமூகத் தொண்டர் தக்கர் பாபா எழுதிய கடிதத்துடன், தீண்டப்படாதார் குடும்பம் ஒன்று, தூதாபாய், மனைவி தானிபென், சிறு குழந்தை லட்சுமி, வந்து சேர்ந்தது. கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் வாளித் துளி பட்டால் தீட்டு என்று ஏசினார். திருப்பிப் பேசாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் காந்தி. நாளடைவில் அந்த மனிதர் ஓய்ந்தார். ஆசிரமத்துப் பெண்களுக்கும், கஸ்தூர்பா உட்பட, மனம் ஒப்பவில்லை. நன்கொடை முற்றிலும் நின்றது. அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்று ஆசிரமத்தை நிர்வகித்த மகன்லால் சொன்னபோது, தீண்டப்படாதார் குடியிருப்புக்கே போய்விடுவோம் என்பதுதான் காந்தியின் பதில். பெயர் வெளியிடாத ஒரு சேட் 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனதால் ஆசிரமம் பிழைத்தது. எழுதியதைக் காப்பாற்ற இடத்தையே இழக்கத் தயாராக இருந்தார்கள். அந்த வரைவுக்கு மதிப்பு அங்கேதான் பிறந்தது.

1917இல் கோச்ரப்பில் பிளேக் பரவியதும் ஆசிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியது. 1928இல் காந்தி ஓர் அரிய முடிவெடுத்தார். ஆசிரமவாசிகள் விரதங்களின் உயரத்தை எட்டவில்லை என்று கண்டு, விரதங்களைத் தளர்த்தாமல் நிறுவனத்தின் பெயரையே 'உத்யோக மந்திர்' (உழைப்பின் ஆலயம்) என்று தாழ்த்தி வைத்தார்.

1930இல் எரவாடா சிறையிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு விரதத்தை விளக்கி ஆசிரமத்துக்குக் கடிதம் எழுதினார். உடலுழைப்பு, எல்லாச் சமயங்களையும் சமமாக மதித்தல் ஆகியவையும் சேர்ந்து விரதங்கள் பதினொன்றாயின. பணிவு ஏன் தனி விரதமாகாது என்பதற்கும் ஒரு கடிதம் ஒதுக்கினார். 'முடிந்தவரை செய்வேன்' என்பது விரதமாகாது, அது பலவீனத்தையோ கர்வத்தையோ காட்டுகிறது என்றும் எழுதினார். சுதேசி பற்றி மட்டும் சிறையில் எழுதவில்லை. எழுதினால் அரசியலைத் தொட நேரும், அது கைதி என்ற நிலைக்கு ஒவ்வாது என்று கருதினார்; அந்த அத்தியாயம் விடுதலைக்குப் பிறகே எழுதப்பட்டது.