மாயாவியும் தோட்டத்து இளையோரும்

முகமூடி வீரர் படக்கதைகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நம்மிடையே உளர். நாம் அவற்றை வரலாற்றோடு பொருத்திக் காண விழைகிறோம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தமிழில் தந்த இரும்புக்கை மாயாவி தனியன், வளர்ந்த ஆடவன். 1963இல் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் படைத்த எக்ஸ்-மென் குழுவினரோ பதின்ம வயது மாணவர் ஐவர். அவர்தம் பாசறை ஒரு பள்ளிக்கூடம்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை அறிந்தோர்க்கு இக்கற்பனை அயலானதன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது, கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் நின்றது. ஆயினும் லயத்துப் பிள்ளைகள் ஓரணியாகக் கூடிய இடம் அதுவே.

1943இல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களின் இளம்பெண்களும் சேர்ந்தனர். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடிக்கப் பயின்றன. ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவிச் சம ஊதியம் கோரினார். அவர் பெயரை நாம் அறிவோம். உடன் நின்ற தோட்டத்துப் பெண்களுள் பெரும்பாலோர், முகமூடி அணியாமலே, இன்னும் பெயரற்றவராய் இருக்கின்றனர்.