ஆதிசேஷனும் லேபர் கேம்ப்பும்

பிரபஞ்சத்தின் உற்பத்தியைப் பற்றிய விசாரணை பண்டிதர்களுக்கும் வானசாஸ்திரிகளுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர், பம்பாயில் தாராவியை ஒட்டிக் கிடக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் பழைய சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும். தமிழரும் மராட்டியருமாகக் கூலி வேலை தேடி வந்தோர், பெரும்பாலும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர், அடர்ந்து வாழ்ந்த அக்குடியிருப்பில், உலகம் எப்படித் தோன்றிற்று என்னும் வினா, தாங்கள் எப்படித் தாழ்ந்தோராக்கப்பட்டோம் என்னும் வினாவோடு பின்னிப் பிணைந்திருந்தது.

அதற்கு அதிகத் தொலைவில்லாத தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பி, அதை நூல்களால் நிறைத்த டாக்டர் அம்பேத்கர், 1946இல் வெளியான 'சூத்திரர்கள் யார்?' என்னும் நூலில் ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தைப் பிரபஞ்ச உற்பத்திக் கொள்கையாகவே எடுத்து ஆராய்ந்தார். எகிப்தியருக்கும் யூதருக்கும் சிருஷ்டிக் கதைகள் உண்டு. ஆயினும் அவற்றில் மனிதன் படைக்கப்பட்டதோடு கதை நிற்க, இங்கோ புருஷனின் வாயிலும் தோளிலும் தொடையிலும் பாதத்திலும் வருணங்களும் உடன் பிறந்துவிடுகின்றன என்பதே அவர் சுட்டிய வேற்றுமை. படைப்பின் கதை சமூகத்தின் சட்டமாகிவிடும்போது, அதற்குச் சான்று கேட்பது நாத்திகமன்று, நியாயமே ஆகும்.

காண்டல், கருதல், உரை என்று அளவைகளை வகுத்த மரபு நம்முடையது. காண்டலையும் கருதலையும் கொண்டே விஞ்ஞானிகள் பிரபஞ்ச உற்பத்தி பற்றிய வழக்கை நடத்தினர். நட்சத்திர மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகிச் செல்வதை 1929இல் ஹப்பிள் காட்டினார். பெல்ஜியப் பாதிரியாரான லெமேத்ர், ஆதியில் ஓர் அணுவிலிருந்தே யாவும் விரிந்தன என்று 1931இல் கூறினார். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இக்கொள்கையைத் தெய்வ சிருஷ்டிக்குச் சாட்சியாக்க முற்பட்டபோது, அதனை விரும்பாதவர் அப்பாதிரியாரே. பக்தியுள்ள ஒருவர் காட்டிய இந்த நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன். வானசாஸ்திரி பிரெட் ஹாயிலோடு சேர்ந்து ஆதியற்ற பிரபஞ்சத்துக்காக வாதாடி, 1972இல் இதே பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஜெயந்த் நார்லிகரும், ஆதி விரிவின் எச்சமாக வானெங்கும் பரவியிருப்பதாக 1965இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைக் கதிர்வீச்சு தம் கட்சிக்குப் பாதகமாக நின்ற காலத்திலும், கணிதத்தைக் கொண்டே வாதாடினாரேயன்றி எந்த ஸ்மிருதியையும் துணைக்கு அழைக்கவில்லை.

லேபர் கேம்ப்பில் வாழ்ந்து பொதுவுடைமை இயக்கத்தில் பாடியும் எழுதியும் உழைத்தவரும், பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இல்லாதவருமான அண்ணாபாவ் சாத்தே, 1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டில் பேசுகையில், பூமி ஆதிசேஷனின் தலைமேல் நிற்கவில்லை, தலித்துகளும் தொழிலாளருமாகிய உழைப்பாளிகளின் உள்ளங்கைகளின் மேலேயே நிற்கிறது என்றார். ஆலைச் சங்கு ஊதுமுன்னே எழுந்து போகும் அக்கைகளை அவர் நாள்தோறும் கண்டிருந்தார். ஆதிசேஷனை எவரும் கண்டதில்லை.