திறன்பேசியைத் திறக்கும் கைரேகையும் முகமும்

பின் எண்ணை அழுத்தாமல், உரிமையாளரின் விரலையோ முகத்தையோ கொண்டு திறன்பேசியின் பூட்டைத் திறக்கும் முறைகள் கைரேகைத் திறப்பு, முகத் திறப்பு எனப்படும். கைரேகைத் திறப்பு 2013க்குப் பிறகும், முப்பரிமாண முகத் திறப்பு 2017க்குப் பிறகும் பரவலாயின. வங்கிச் செயலி, மின்பணப்பை, அரசு உதவிக்கான விண்ணப்பம் ஆகிய எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டதால், அதன் பூட்டு இன்று வீட்டுப் பூட்டுக்கு நிகரானது.

இரண்டில் எது சிறந்தது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. கைப்பேசியில் உள்ள உணரியின் வகை, கைப்பேசியின் விலை, பயன்படுத்துபவர் செய்யும் வேலை ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள ஈஜோக், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊர்களில் மூன்றாவது காரணமே முதலிடம் பெறுகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கிய தெனாமாரம் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் தலைமுறைகளாக இங்குள்ள கைகளைத் தேய்த்திருக்கின்றன.

பொது அடிப்படை

இரு முறைகளும் ஒரே வழியில் இயங்குகின்றன. முதல் பதிவின்போது உணரி விரலையோ முகத்தையோ பலமுறை அளந்து, அதன் அடையாளக் கூறுகளை எண்களாக மாற்றி, ஒரு வார்ப்பாகச் சேமிக்கிறது. பின்னர் ஒவ்வொரு முறையும் புதிய அளவை அந்த வார்ப்புடன் ஒப்பிடுகிறது. இரண்டு அளவுகள் முழுவதும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே, ஒற்றுமை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பூட்டு திறக்கும்.

வரம்பைத் தளர்த்தினால் அந்நியருக்கும் திறந்துவிடும் ஆபத்து கூடும்; இறுக்கினால் உரிமையாளரையே மறுக்கும் தடவைகள் கூடும். முதலாவது தவறான ஏற்பு, இரண்டாவது தவறான மறுப்பு. ஆய்வுக்கூடத்தில் பேசப்படுவது பெரும்பாலும் ஏற்பைப் பற்றியது. தோட்டத்தில் அன்றாடம் தொல்லை தருவதோ மறுப்பு.

கைரேகை உணரிகள்

விரல்நுனித் தோலின் மேடுகளும் பள்ளங்களும் கருவிலேயே உருவாகி வாழ்நாள் முழுவதும் அதே அமைப்பில் நீடிக்கின்றன. ஒரு மேடு முடியும் இடமும், ஒன்று இரண்டாகக் கிளைக்கும் இடமும் நுண்குறிகள் எனப்படும். ஒப்பிடும் வேலை பெரும்பாலும் இவற்றைக் கொண்டே நடக்கிறது. கைரேகையை ஆளறியும் முறையாக வளர்த்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வங்காளத்தில் 1858இல் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தத்தில் கைப்பதிவு பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. அங்கு உருவான வகைப்பாட்டு முறைக்கு அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு அடித்தளமாக இருந்தது.

கைப்பேசி உணரிகள் மூன்று வகைப்படும். மின்தேக்க உணரி, தோலின் மேடும் பள்ளமும் உண்டாக்கும் மின்னூட்ட வேறுபாட்டை அளக்கிறது. பக்கவாட்டுப் பொத்தானிலும் முதுகிலும் இருப்பது பெரும்பாலும் இதுவே. ஒளியியல் உணரி, திரைக்கு அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி விரலைப் படமெடுக்கிறது. மீயொலி உணரி, ஒலித் துடிப்புகளின் எதிரொலியிலிருந்து ரேகையின் ஆழத்தையும் அறிகிறது. ஈர விரலை மற்ற இரண்டைவிட நன்றாகச் சமாளிக்கிறது. 2013இல் ஆப்பிளின் ஐபோன் 5எஸ் கைப்பேசியில் வந்த டச் ஐடி கைரேகைத் திறப்பைப் பரவலாக்கியது. திரைக்கு அடியில் உணரி கொண்ட முதல் விற்பனைக் கைப்பேசியை விவோ 2018இல் வெளியிட்டது.

முக உணரிகள்

முகத் திறப்பில் இரு வகை உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் கைப்பேசி வாங்குவதே பல குழப்பங்களுக்குக் காரணம். முதல் வகை, முன்பக்கக் கேமராவை மட்டும் நம்பும் தட்டைப் பட முறை. 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பில் இது வந்தபோது, உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியே திறக்க முடிந்தது. இன்றைய மென்பொருள் அதைவிடத் தேர்ந்தது என்றாலும், விலை குறைந்த கைப்பேசிகளில் இந்த வகையே உள்ளது. இருட்டில் இது தடுமாறும்.

இரண்டாம் வகை முப்பரிமாண முறை. 2017இல் ஐபோன் எக்ஸ் கைப்பேசியுடன் வந்த ஃபேஸ் ஐடி, முகத்தின்மேல் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, மூக்கின் உயரத்தையும் கண்குழியின் ஆழத்தையும் அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் விடியலுக்கு முந்தைய பெரட்டு (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவு) நேரத்து இருட்டிலும் இது வேலை செய்யும். காகிதப் படத்துக்கு ஆழம் இல்லாததால் அதைக் காட்டி ஏமாற்ற முடியாது.

துல்லியமும் ஏமாற்றும்

யாரோ ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு டச் ஐடியில் 50,000க்கு 1, முகம் பொருந்தும் வாய்ப்பு ஃபேஸ் ஐடியில் 10,00,000க்கு 1 என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. ஐந்து விரல்களைப் பதிந்தால் முதல் வாய்ப்பு 10,000க்கு 1 ஆக உயரும். இரட்டையர், சாயல் ஒத்த உடன்பிறப்புகள், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோரிடம் முக முறையின் துல்லியம் குறைகிறது. கைரேகையில் இந்தச் சிக்கல் இல்லை; ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறுபடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உயிரியளவு முறைகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. போலி விரலையோ போலி முகத்தையோ ஏற்கும் அளவு 7 விழுக்காட்டைத் தாண்டாதது வலுவான மூன்றாம் வகுப்பு. 20 விழுக்காட்டைத் தாண்டுவது முதல் வகுப்பு. முதல் வகுப்பு முறையைச் செயலிகள் பயன்படுத்த அனுமதி இல்லை. முகம் காட்டியதும் திறக்கும் கைப்பேசியில் வங்கிச் செயலி மட்டும் விரலைக் கேட்பது இதனால்தான்.

எந்த முறையும் முறியாதது அன்று. டச் ஐடி வெளிவந்த சில நாள்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகம் கண்ணாடியில் பதிந்த ரேகையிலிருந்து போலி விரல் செய்து அதைத் திறந்து காட்டியது. 2019இல் சாம்சங் எஸ்10 கைப்பேசியின் திரைமேல் சில சிலிக்கோன் உறைகளைப் போட்டால், யாருடைய விரலுக்கும் அது திறந்த குறை வெளிப்பட்டது. மென்பொருள் திருத்தத்தால் அது சரிசெய்யப்பட்டது. அதே ஆண்டு வந்த கூகுள் பிக்சல் 4, கண் மூடியிருந்த முகத்துக்கும் திறந்தது. தூங்குபவரின் முகத்தைக் காட்டித் திறக்க முடிந்தது என்பதே இதன் பொருள். ஃபேஸ் ஐடி கண் திறந்து பார்க்கும் கவனத்தையும் சரிபார்க்கிறது. கைரேகையிலோ தூங்குபவரின் விரலை எடுத்து வைத்தாலே போதும்.

உடலே சாவியாகும்போது வன்முறை அபாயமும் வருகிறது. 2005இல் கோலாலம்பூர் புறநகரில், கைரேகைப் பூட்டுக் கொண்ட விலையுயர்ந்த காரைக் கடத்திய கும்பல், அதை மீண்டும் இயக்குவதற்காக உரிமையாளரின் விரலை வெட்டிச் சென்றது. உணரி பார்ப்பது உயிருள்ள விரலைத்தானா என்று உறுதிசெய்ய வேண்டிய தேவையை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு அது.

உழைக்கும் கை

மலேசியாவில் கைரேகைச் சரிபார்ப்பு திறன்பேசிக்கு முன்பே வந்துவிட்டது. 2001இல் அறிமுகமான மைகாட் அடையாள அட்டையின் சில்லில் இரு கட்டைவிரல்களின் நுண்குறிகளும் பதிவாகியுள்ளன. முகப்பில் அட்டையைச் செருகி, கண்ணாடித் தட்டில் கட்டைவிரலை வைத்தால், இரண்டும் ஒப்பிடப்படும். பல ஆண்டுகள் பால் வெட்டியவர் அங்கே விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்துவதும், திரையில் சிவப்புக் குறி வருவதும், அடுத்த கட்டைவிரலைக் கேட்பதும் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பழகிய காட்சி. எழுதத் தெரியாதவரின் கையெழுத்தாகக் கைநாட்டை ஏற்ற காலத்தில் மையில் ஒரு தடம் விழுந்தாலே போதுமானதாக இருந்தது. இயந்திரத்துக்கோ ஒவ்வொரு கோடும் தெளிவாக வேண்டும்.

ரேகை மங்குவதற்குக் காரணங்கள் பல. பால்மரத்துப் பால் விரலில் காய்ந்து மெல்லிய தோலாக ஒட்டி, அதை உரிக்கும்போது மேல்தோலும் தேய்கிறது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் தோலை அரிக்கிறது. செம்பனையில் மட்டையின் முள்ளும், குலையைத் தூக்குவதும், மண்ணில் சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்குவதும் விரல்நுனியைக் கீறுகின்றன. உரமும் களைக்கொல்லியும் தோலை உலர்த்துகின்றன. வயதாகும்போது தோலின் நெகிழ்வு குறைந்து மேடுகள் தட்டையாகின்றன. கேப்சிடபீன் என்னும் புற்றுநோய் மருந்து ரேகையை மறைத்துவிடுவதும் உண்டு. அந்த மருந்தை உட்கொண்ட சிங்கப்பூர் முதியவர் ஒருவர் ரேகை இல்லாததால் அமெரிக்க விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட செய்தி 2009இல் மருத்துவ இதழில் வெளியானது.

ரேகையின் மூலவடிவம் அடித்தோலில் உள்ளது. மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால் சில வாரங்களில் பழைய ரேகை மீண்டும் எழும். ஆழமான வெட்டு நிலையான தழும்பாகிவிடும். ஓய்வு நாளில் பதிந்த விரல் வேலை நாளில் பொருந்தாமல் போவதற்கு இந்தத் தேய்மானமே காரணம். சில எளிய வழிகள் மறுப்பைக் குறைக்கும். வேலை முடிந்த மாலையில் பதிவு செய்வது, அதிகம் உழைக்காத கையின் மோதிர விரலையோ சுண்டு விரலையோ தேர்வது, ஒரே விரலை இருமுறை பதிவது, தடித்த திரைக் கண்ணாடியைத் தவிர்ப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய பதிவை நீக்கிப் புதிதாகப் பதிவது ஆகியவை அவை.

மாறும் முகம், மறைந்த முகம்

தேய்ந்த விரலுக்கு முகம் நல்ல மாற்று. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை அடித்தாலும், நெற்றியில் திருநீறு பூசினாலும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பு மாறாததால் பூட்டு பொதுவாகத் திறக்கும். நீண்ட தாடியை முழுவதும் மழித்தால் ஒருமுறை பின் எண் கேட்டு, புதிய தோற்றத்தை முறை தானே கற்றுக்கொள்ளும்.

முகம் மறைந்தால்தான் சிக்கல். 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், ஒவ்வொரு கடை வாசலிலும் மைசெஜாத்ரா செயலியில் பதிய வேண்டியிருந்தது. முகக்கவசத்தை இறக்காமல் கைப்பேசி திறக்கவில்லை. 2022 மார்ச்சில்தான் ஐபோன் 12 முதலான கைப்பேசிகளில் கவசத்துடன் திறக்கும் வசதி வந்தது. மோட்டார் சைக்கிளில் முழுமுகத் தலைக்கவசம் அணிந்தவருக்கும் இதே தடை உண்டு. மருந்து தெளிப்பவர் கையுறையும் முகக்கவசமும் சேர்த்து அணிவதால், அவருக்கு இரண்டு முறையுமே உதவா. பின் எண்ணே வழி.

தோல் நிறமும் கவனத்துக்குரியது. பல முக அறிதல் மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தவறான பொருத்தங்களை அதிகம் தருவதை அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் பதிவு செய்தது. அந்த ஆய்வு புகைப்பட ஒப்பீட்டு மென்பொருள்களைப் பற்றியது. ஆழத்தை அளக்கும் அகச்சிவப்பு முறை வேறு அடிப்படையில் இயங்குகிறது.

பின் எண்ணும் தரவுப் பாதுகாப்பும்

விரலும் முகமும் பின் எண்ணுக்கு மாற்று அல்ல, அதற்குத் துணை. கைப்பேசியை அணைத்துப் போட்டாலும், ஐந்து முறை பொருந்தாமல் போனாலும் பின் எண்தான் கேட்கப்படும். பின் எண் தெரிந்தவர் புதிய விரலையும் சேர்த்துவிட முடியும். பிறந்த ஆண்டையோ வண்டி எண்ணையோ பின் எண்ணாக வைத்தால், எவ்வளவு தேர்ந்த உணரியும் பயன் தராது.

வார்ப்பு கைப்பேசியின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலேயே இருக்கும், தயாரிப்பாளருக்குச் செல்வதில்லை. இணையவழி வங்கிக் கணக்குத் திறப்பு இதிலிருந்து வேறுபட்டது. 2020இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதற்கான விதிகளை வெளியிட்டது. அங்கே முகப்படம் கைப்பேசியை விட்டு வெளியே அனுப்பப்பட்டு அடையாள அட்டைப் படத்துடன் ஒப்பிடப்படுகிறது. கசிந்த பின் எண்ணை மாற்றலாம், கசிந்த முகத்தை மாற்ற முடியாது என்பதால், எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி முக்கியமானது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம் உயிரியளவுத் தரவைக் கூருணர்வுள்ள தனிநபர் தரவு என்ற வகையில் சேர்த்தது.

தேர்வு

முப்பரிமாண உணரி உள்ள கைப்பேசியில், ரேகை தேய்ந்தவருக்கும் முதியவருக்கும் முகமே ஏற்றது. கேமராவை மட்டும் நம்பும் கைப்பேசியில் கைரேகையே பாதுகாப்பானது. விரல் பொருந்தாதவர் அங்கே தட்டைப் பட முகத் திறப்பைவிட ஆறு இலக்கப் பின் எண்ணை நம்புவது நல்லது. இரட்டையரும் சாயல் ஒத்த உடன்பிறப்புகளும் உள்ள வீட்டில் கைரேகை சிறந்தது. தலைக்கவசமும் முகக்கவசமும் நாள் முழுவதும் அணிபவருக்கும் அதுவே வசதி.