தோஹாம் மலையின் கற்குகை

கொரியா தேசத்தின் தென்கிழக்கில், பண்டைச் சில்லா அரசின் தலைநகராய் விளங்கிய கியொங்ஜு நகருக்குக் கிழக்கே ஓங்கி நிற்கும் தோஹாம் மலையின் உச்சியருகே, கீழ்க்கடலை நோக்கி அமர்ந்த புத்த பிரானைத் தன்னுட்கொண்ட சொக்குராம் என்னும் தபோவனம், யாத்திரிகரின் கண்ணுக்கு இயற்கைக் குகையாகவே தோன்றினும், மனித புத்தியும் பக்தியும் கூடிச் சமைத்த செயற்கைக் குகையேயாகும். பாரத நாட்டில் அஜந்தா முதலிய இடங்களில் மலையைக் குடைந்து கோயில் கண்ட மரபு, சீன தேசத்தின் வழியே கொரியாவை எட்டியபோது, அந்நாட்டுக் கருங்கல் குடைதற்கு அரிதாயிருந்தமையால், சிற்பிகள் கற்களைச் செதுக்கி அடுக்கி, வட்டமான கர்ப்பகிருகத்தின்மேல் கவிகை மாடம் எழுப்பி, மண்ணிட்டு மூடினர்.

கி.பி. 751-இல் கியொங்தொக் மன்னனின் அமைச்சரான கிம் தேசொங் தொடங்கிய இத்திருப்பணியை, 774-இல் அவர் மறைந்தபின் அரசே நிறைவேற்றியது. இம்மைப் பெற்றோருக்காக அடிவாரத்துப் புல்குக்சா விஹாரத்தையும், முற்பிறப்பின் பெற்றோருக்காக இக்குகையையும் அவர் அமைத்தார் என்றும், மாடத்தின் உச்சிக்கல் மூன்றாகப் பிளந்துவிட, மனம் நொந்து அவர் கண்ணயர்ந்த இரவில் தேவர்களே வந்து அதனைப் பொருத்தினர் என்றும், 13-ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்னும் பிக்ஷு தொகுத்த சாம்குக் யூசா கூறும். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரத்தில் பூமிஸ்பரிச முத்திரையோடு வீற்றிருக்கும் பெருமானையும், அவர் பின்னே சுவரில் நிற்கும் பதினொரு முகத்து அவலோகிதேசுவரரையும், இருபுறமும் சூழ்ந்த பத்துச் சீடர்களையும் தரிசிப்போர்க்கு, அக்கதை மிகையாகத் தோன்றாது.

நெடுங்காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்திருந்த குகையை, 1913 முதல் 1915 வரை ஜப்பானிய ஆட்சியினர் பிரித்து மீண்டும் கட்டியபோது, புறத்தே சிமெண்டுப் பூச்சால் இறுக மூடினர். அதன் விளைவாகக் காற்றோட்டம் குன்றி, உள்ளே ஈரம் தேங்கி, சிற்பங்களில் பாசி படர்ந்தது. முன்னர் அடியில் ஓடி, இத்திருப்பணியின்போது திசைதிருப்பப்பட்ட ஊற்றுநீரே தரையைக் குளிர்வித்து, ஈரத்தைச் சிலைகள்மேல் படியவிடாது காத்ததென அறிஞர் பலர் கருதுவர். 1960-களில் கொரிய அரசு மறுபடியும் ஜீர்ணோத்தாரணம் செய்து முன்மண்டபம் எழுப்பியும், பின்னர் யந்திரங்களின் துணையாலேயே ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இத்தலத்தில், பெருமானை இன்று கண்ணாடித் திரைக்கு இப்பால் நின்றே வணங்குகிறோம்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கப் புகுவோன், தன் காலத்துச் சாதனங்களை ஏந்துமுன், அதனை முதலில் கட்டியவனின் கருத்தைச் சீடனைப்போலப் பணிந்து கற்க வேண்டும் என்பதே, இக்குகையின் சரித்திரம் நமக்குப் புகட்டும் தர்மம்.